நன்றி எழுதும் நோட்டா, குடும்ப ஜெபமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, ஓட வேண்டும். தேவனுக்கு நன்றி சொல்ல எது ஒத்துவரும் என்று பலர் கேட்கிறார்கள்.

நேரம்: நோட்டுக்கு 5 நிமிடம். குடும்ப ஜெபத்துக்கு 15. எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும்.

நிலைப்பு: நோட்டு சீக்கிரமே சலித்துவிடும். தினமும் "சுகம், குடும்பம், வேலை" என்றே எழுதுவதுதான் காரணம். தேதி போட்டு, அன்று நடந்த 3 காரியங்களை மட்டும் எழுதுங்கள்: "மழை விட்டது, மதியத்துக்குள் குலை வெட்டி முடிந்தது." வேதாகமத்தில் சங்கீதம் 103:2 'மறவாதே' என்கிறதே, அதற்கு எழுத்துதான் துணை.

குடும்ப ஜெபம் கெடுவது, நன்றி பாதியிலேயே விண்ணப்பமாக மாறும்போது. சங்கீதம் 136-ஐ ஒருவர் வாசிக்கட்டும். 26 வசனங்களுக்கும் மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லட்டும். பிறகு ஆளுக்கு ஒரு நன்றி. எழுதத் தெரியாத பிள்ளையும் சேர்ந்துகொள்ளும்.

துக்க நாளில் நோட்டே மேல். யாரையும் எல்லார் முன்பும் நன்றி சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; சங்கீதம் 13 புலம்பலில் தொடங்கித்தான் பாட்டில் முடிகிறது.

செம்பனை ஆலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கு நோட்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, தயங்காமல் இரவில் குடும்ப ஜெபம்.