சார்ஜ் ஏறலையா, மீட்டர் பொய் சொல்லுதா?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் ஓடுவது தொண்டியிலும் மண்டபத்திலும் என்றாலும், பேட்டரி மாற்றவோ காயில் கட்டவோ மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. என் மச்சானும் அதில் ஒருத்தர். "டேஷ்போர்டு வோல்ட் மீட்டர் முள்ளு 11-லயே நிக்குது மாப்ள, சார்ஜ் ஏறல" என்பார். இங்கே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

பேட்டரிக் கடையில் கேட்டால் பதில் புது பேட்டரிதான். அதில் முதல் சில நாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், ஏனென்றால் அது கடையில் ஏற்றிக் கொடுத்த சார்ஜில் ஓடுகிறது. கோளாறு வேறு இடத்தில் இருந்தால் அதுவும் படுத்துவிடும். வாங்கும் முன் ஸ்டார்ட் அடிக்கும்போது வோல்டேஜைப் பாருங்கள். சும்மா இருக்கையில் 12.6 காட்டுகிற பேட்டரி செல்ஃப் இழுக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

அடுத்தது பழைய டிராக்டர் வைத்தியம்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. டைனமோ காலத்துக்கு அது சரி. அவுட்போர்டில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் எகிறி, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற, நன்றாக இருந்த ரெகுலேட்டரும் போய்விடும். இதை யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பார்க்க மிச்சம் இரண்டு வழி: டேஷ்போர்டு மீட்டர், கை மல்டிமீட்டர். டேஷ்போர்டு முள் காட்டுவது பேட்டரி வோல்டேஜை அல்ல. சாவி ஸ்விட்ச், நீள ஒயர், நாலைந்து கனெக்டர் எல்லாம் தாண்டி மீட்டர் வரை வந்து சேர்ந்த மிச்சத்தை. உப்புக் காற்றில் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்தால் வழியிலேயே ஒரு வோல்ட் காணாமல் போகும். மதுரை டவுன் ஹால் ரோட்டில் வாங்கும் சாதாரண மல்டிமீட்டரே இங்கே ஜெயிக்கும். இன்ஜினை 2000 ஆர்பிஎம் அளவுக்குத் தூக்கி, பேட்டரி முனைகளில் நேராக வையுங்கள். 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங்கில் குறையில்லை, கோளாறு டேஷ்போர்டு பக்கம். மீட்டரின் கிரவுண்டு ஒயரில் ஆரம்பியுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் கண் வையுங்கள். ரெகுலேட்டரே இல்லாமல், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் மட்டும் வைத்த சின்ன மோட்டார்களில் அது சகஜம். ஐடிலில் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம், அந்த வேகத்தில் உற்பத்தியே கொஞ்சம்தான்.

மச்சான் மோட்டாரில் முள் 11, பேட்டரியில் 14.1. பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை, மீட்டரின் பிளஸ்ஸில் மறுமுனை வைத்தேன்: சும்மா 0.1. பேட்டரி மைனஸிலிருந்து மீட்டரின் கிரவுண்டுக்கு வைத்ததும் 3 வோல்ட். ஒயர் முனையில் இருக்கும் லக்கைத் தொட்டதுமே ஒயர் பொடியாக உதிர்ந்தது. (அதற்குள் அவர் புது பேட்டரிக்கு விலை பேசி முடித்திருந்தார்.)

பேட்டரியிலேயே 12.4-க்கு மேல் ஏறவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். முதலில் ஃபியூஸ், அப்புறம் பேட்டரி நட்டுகள். கையால் திருகும் விங் நட் அலையின் அதிர்வில் தளரும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்டேட்டர் (கரண்ட் உற்பத்தியாகும் காயில் தொகுப்பு) ஒயர்களைப் பிரித்து, இன்ஜினை ஓட்டி ஏசி வோல்டேஜ். மூன்று ஒயர் என்றால் எந்த ஜோடியில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். வந்தால் குற்றவாளி ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் போச்சு.

காயில் போனால் கட்டுவதா, புதுசா? பம்புசெட் மோட்டார் கட்டுகிறவர்களுக்குக் கை சுத்தம், செலவும் குறையும். ஆனால் பல அவுட்போர்டுகளில் இக்னிஷன் காயிலும் அதே ஸ்டேட்டரில்தான் இருக்கும், மேலே எபாக்ஸி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அதை உடைத்துக் கட்டினால் சார்ஜ் வந்து ஸ்பார்க் போகலாம். திறந்த காயிலாக, சார்ஜிங் சுற்று தனியாக இருந்தால் கட்டலாம். எபாக்ஸி என்றால் நான் புதுசுதான் வாங்குவேன்.

இன்னொன்று, வீட்டில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் மோட்டாரின் கீழ்ப்பகுதியை டிரம் தண்ணீரில் முக்கி வையுங்கள். காய்ந்து ஓடினால் தண்ணீர் இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.