ஏற்றத்தில் மட்டும் இழுவை இழந்த கார்: குன்னூர்ப் பட்டறை ஒன்றின் வேலை

எட்டு ஆண்டுகள் ஓடிய என் டீசல் கார், மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு தாண்டி குன்னூருக்கு மலையேறத் தொடங்கியதும், இரண்டாம் கியரில் முழுச் சுமையோடு ஏறும்போது திடீரென இழுவை இழந்துவிடும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கீழே சமவெளியில் நான் காட்டிய பணிமனையில் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு மலைக்காற்றைக் குறை சொன்னார்கள். கடைசியில் உயரழுத்த பம்பையே மாற்ற வேண்டும் என்று 60,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள்.

நண்பர் சொல்லி நான் போன குன்னூர்ப் பட்டறை, இரண்டு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய தகரக் கொட்டகை. அதன் உரிமையாளர் பானட்டைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் கேள்விகள்தாம் கேட்டார்: எந்த கியர், இன்ஜின் சூடேறிய பிறகா, டேங்கில் எவ்வளவு டீசல், வண்டியில் எத்தனை பேர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றாலும், அது ஏற ஏறச் சிறுகச் சிறுகத் தெரியுமே தவிர, வழியில் உள்ள பர்லியாறுக்குக் கீழேயே ஒரு நொடியில் வண்டியை முடக்காது என்று அந்த வாதத்தை அவர் ஒதுக்கிவிட்டார்.

வண்டியின் கணினியோடு இணைத்துக் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0192 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. டீசலை உயரழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் குழாயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றிலிருந்து வரும் மின்சைகை குறைந்துவிட்டது என்பதே பொருள். முந்தைய பணிமனை இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் காலை, ஸ்கேனரை மாட்டியபடியே கல்லாறு வரை இறங்கி, சுமைக்காகப் பின் இருக்கையில் மூன்று டீசல் கேன்களில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு திரும்ப ஏறினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் கோளாறு வந்தது. ஸ்கேனர் திரையில் மூன்று வோல்ட்டுக்கு அருகில் நின்றிருந்த சைகைக் கோடு, செங்குத்தாகப் பூஜ்ஜியத்தில் விழுந்து, உடனே மேலே வந்தது. குழாயில் உண்மையாகவே அழுத்தம் போயிருந்தால் இன்ஜின் அங்கேயே அணைந்திருக்க வேண்டும். அதுவோ உறுமிக்கொண்டுதான் இருந்தது. சென்சார் சொல்வதை நம்ப முடியாத நிலையில் கணினி டீசலைக் கட்டுப்படுத்தி, மெக்கானிக்குகள் லிம்ப் மோடு என்று சொல்லும் நிலைக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுகிறது.

பட்டறைக்குத் திரும்பியதும், உதவியாளரை பிரேக்கை அழுத்தியபடி கிளட்சைச் சற்றே விடச் சொல்லி, பானட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜின் ஒரு விரல் அகலத்துக்கு எழும்பிச் சாய்ந்தது. அதோடு சென்சாருக்குப் போகும் வயர் கயிறுபோல் விறைத்தது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்திருந்தது. கனெக்டருக்குச் சற்று முன்னால் வயரை நகத்தால் நெருடிப் பார்க்கச் சொன்னார்: மேலுறை முழுதாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்து அந்த இடம் மட்டும் துணிபோல் மடங்கியது. இன்ஜினுக்குச் சுமை கொடுக்காமல் நிறுத்திய வண்டியில் எத்தனை முறை பார்த்தாலும் இது அகப்பட்டிருக்காது.

மவுண்டிங், வயர் வேலை, சோதனை ஓட்டம் எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் ஆயிற்று. குறைகளும் உண்டு. மவுண்டிங் கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாள் பிடித்தது. அதை முன்னரே சொல்லியிருக்கலாம். உட்கார ஒரு பெஞ்சு தவிர வேறு வசதியில்லை, மழை சாய்வாக அடித்தால் அதுவும் நனைந்துவிடும். பில்லில் ‘எலக்ட்ரிக்கல் வேலை’ என்ற ஒரே வரிதான் இருந்தது. கேட்ட பிறகே பிரித்து எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் நான்கு மாதங்களில் அதே 14 வளைவுகளை ஒன்பது முறை, இரண்டு முறை குடும்பத்தோடும் சாமான்களோடும், ஏறிவிட்டேன்; கோளாறு திரும்பவில்லை. அங்கே போகிறவர்கள் பிழைக் குறியீட்டை வேறெங்கும் அழிக்க விடாமல் வண்டியைக் கொண்டுபோவது நல்லது. அழித்துவிட்டு வருகிறவர்களிடம் அவர் சற்றுக் கடுமையாகவே பேசுகிறார்.