பெயின்ட்டா, முத்திரையா, செம்புப் பட்டையா? பழைய கப்பல் குண்டை எதை வைத்துக் கண்டுபிடிப்பது

நாகர்கோவில் பக்கம் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) கூர்முனைக் குண்டு ஒன்று கண்ணில் பட்டால் போதும், "குளச்சல் சண்டையில் டச்சுக்காரன் விட்டது" என்று சொல்ல ஆள் இருக்கும். அந்தச் சண்டை நடந்த 1741-இல் கப்பல் பீரங்கிகள் சுட்டது பெரும்பாலும் உருண்டையான வார்ப்பிரும்புக் குண்டு. கூர்முனை, குண்டின் அடிப்பக்கத்தைச் சுற்றியிருக்கும் செம்புப் பட்டை, வெடிமருந்து நிரப்பும் பித்தளைக் கூடு எல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்தவை.

பெயின்ட்டை நம்பவே வேண்டாம். ஆங்கிலேயர் லிட்டைட் என்ற வெடிமருந்து அடைத்த குண்டுக்கு மஞ்சள் பூசினார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் கதவு பெயின்ட்டே நிற்பதில்லை. மிச்சம் இருப்பதும் வீட்டுக்காரர் அடித்ததாக இருக்கலாம்.

பித்தளைக் கூட்டின் அடியில் குத்திய முத்திரை அதைவிட எவ்வளவோ மேல். அம்புக்குறி இருந்தால் ஆங்கிலேய அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் அரசு விற்றுக் கழித்தது. 'ஈஓசி' என்றால் எல்ஸ்விக், 'ஆர்எல்' என்றால் ஊல்விச்; இரண்டுமே இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகள். ஜெர்மன் கடற்படையுடையதில் கிரீடமும் அதன் கீழே 'எம்' எழுத்தும் வரும். சிக்கல் என்னவென்றால், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பாதி எழுத்து போயிருக்கும். கூட்டைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துவதும் உண்டு. அதனால் அதிலுள்ள வருடம் கூட்டுக்குத்தான் பொருந்தும், மேலே செருகியிருக்கும் குண்டுக்கு அல்ல.

குண்டுக்கு என் ஓட்டு செம்புப் பட்டைக்கே. பீரங்கிக் குழாயின் உள்வரிகள் அதில் சாய்வாகப் பதிந்திருந்தால் சுட்ட குண்டு. வழுவழுப்பாக இருந்தால் சுடாதது. பட்டைக்குப் பதில் உடம்பில் குமிழ் குமிழாக உலோகத் துருத்தல்கள் இருந்தால், வாய்வழி நிரப்பிய 1860-70களின் பீரங்கி. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் பீரங்கிக் குழாய் விட்டம் 10.5 சென்டிமீட்டர், ஆங்கிலேயரின் 4 அங்குலப் பீரங்கிக்கு 10.16. மூன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். தையல் டேப் உதவாது, நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் வேண்டும்.

சுட்டது என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சுட்டும் வெடிக்காத குண்டு இன்னும் மோசம். மூக்கிலோ அடியிலோ ஃபியூஸ் (குண்டை வெடிக்க வைக்கும் பாகம்) இருந்தாலும், துளை அடைத்திருந்தாலும் அளவெடுப்பது, சுரண்டுவது, நகர்த்துவது எதுவும் வேண்டாம். தள்ளி நின்று ஒரு போட்டோ, அப்புறம் போலீசுக்கு போன்.

வெறும் பித்தளைக் கூடு மட்டும்தான் என்றால் முத்திரையே போதும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும். கடைக்காரர் 'எம்டன்' என்று விலை ஏற்றினால், கூட்டைக் கவிழ்த்து அந்தக் கிரீடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.