30,000 போய்விட்டது: மனித உயிரியல் படிக்கிறவர்கள் கவனம்

பணம் திரும்பக் கிடையாதாம். இன்று காலையில்தான் பதில் வந்தது. 30,000! பல்கலைக்கழகத்தில் மனித, மருத்துவ உயிரியல் முதலாம் ஆண்டு படிக்கிறவர்களைக் குறிவைத்து, உடற்கூறியல், உடலியங்கியல், மரபியல் மூன்றுக்கும் சேர்த்து ஆன்லைன் பயிற்சி விற்கிற இடம் அது.

முதலில் ஓர் இலவச வகுப்பு, சிறுநீரகம் பற்றி. அது உண்மையிலேயே அருமை. ரத்தத்தை வடிகட்டுகிற நுண்குழாய் முடிச்சான குளோமெருலஸில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவம் வடிகிறது, சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர் சொச்சம், மீதியெல்லாம் எங்கே எப்படித் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று சிறுநீரகக் குழாயின் வளைந்த பகுதியான ஹென்லே வளைவைக் கையாலேயே வரைந்து காட்டினார் அந்த ஆசிரியை. புத்தகத்தில் எத்தனை தடவை படித்தும் பிடிபடாதது அன்றைக்குப் புரிந்தது. அப்புறம் ஒருவர் போன் செய்தார். "எந்தப் பகுதி கஷ்டமா இருக்கு தம்பி? மரபியலா? கவலைப்படாதீங்க, அதே மேடம்தான் முழுசும் எடுக்கறாங்க, ராத்திரி பத்து மணிக்குக்கூட சந்தேகம் கேட்கலாம்" என்றார். அதே மேடம் என்றதும்தான் அன்றே முழுத் தொகையும் கட்டினேன்.

கட்டிய பிறகு அந்த மேடத்தின் குரலையே கேட்கவில்லை. கணினிக் குரல் வாசிக்கிற ஸ்லைடுகள். எல்லாத் தமனிகளிலும் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தமே ஓடும் என்று ஒன்றில் இருக்கிறது, ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோகிற நுரையீரல் தமனி என்று ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாதா? இன்னொன்றில் மனித செல்லுக்கு 48 குரோமோசோம்கள். 46 தான் என்று ட்ஜியோ, லெவன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இதைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதுகிற பிள்ளையின் கதி என்ன?

கேட்டால், "உங்க சிலபஸ் வேறயா இருக்கும்." குரோமோசோம் எண்ணிக்கை சிலபஸுக்கு சிலபஸ் மாறுமா? அடுத்து, "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்." அப்புறம், வீடியோவைத் திறந்துவிட்டதால் விதிப்படி பணம் தர முடியாது. வீடியோவைத் திறக்காமல் அது தப்பு என்று எப்படித் தெரியும்? தம்பி தம்பி என்று பேசியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. 30,000 வாங்கும்வரைதான் அந்தப் பாசமெல்லாம்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. இலவச வகுப்பை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், நடுவில் ஏதாவது ஒரு பாடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். யார் எடுக்கிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். தப்பான ஸ்லைடு கண்ணில் பட்டால் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் கொடுத்ததும் என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.