அடாப்டிவ் ஷாக் வண்டியில் லோயரிங் ஸ்பிரிங்: புதுச்சேரி–கடலூர் சாலை அனுபவம்

என் காரில் இருப்பது அடாப்டிவ் ஷாக். அதாவது பட்டனைத் தட்டினால் ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இறுகும், தளரும். அப்புறம் எதற்குத் தனியாக லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தை இறக்கும் ஸ்பிரிங்) என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பட்டன் மாற்றுவது ஷாக்குக்குள் ஆயில் ஓடும் வால்வை மட்டும்தான். வண்டியின் உயரத்தையும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் அது தொடுவதே இல்லை. என் பிஎம்டபிள்யூ எம்340ஐ-யில் டயருக்கு மேலே தெரிந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். ஹேண்ட்லிங்குக்காகச் செய்தேன் என்று கதை விடப்போவதில்லை.

அடாப்டிவ் ஷாக் உள்ள வண்டிக்கும் சாதாரண ஷாக் உள்ள வண்டிக்கும் பல ஸ்பிரிங் கம்பெனிகள் வேறு வேறு பார்ட் நம்பர் வைத்திருக்கின்றன. ஆர்டர் போடுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். நான் எடுத்தது கொஞ்சமாக இறக்கும் செட். செட்டில் ஆன பிறகு வீலின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்துப் பார்த்ததில் முன்னால் 20 மி.மீ., பின்னால் 15 மி.மீ. குறைந்திருந்தது. இன்னும் அதிகமாக இறக்கும் செட்டுகளும் உண்டு, நம்ம ஊருக்கு அது வேண்டாம். ஷாக் அதே ஷாக்தான். வண்டி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் அது மேல்நோக்கி அமுங்கும் இடம் போய்விடும்.

வில்லியனூர் பக்கம் தெரிந்த கடையில் மாட்டினோம். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி, அதனால் வேலை சுலபம். முன்பக்கம் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருப்பதால் ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தண்டு) முழுதாக வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் கருவி போட்டு அமுக்கித்தான் கழற்ற வேண்டும். "கனெக்டரை முதல்ல கழட்டிடுங்கண்ணே" என்று நான் வாய் திறப்பதற்குள், "தெரியும் சார், ஒயர் அறுந்தா ஷாக்கே போச்சு" என்றார் மெக்கானிக். அங்கேயே பாதி நிம்மதி.

அவரிடம் எனக்குப் பிடித்தது கடைசி வேலை. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களின் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது அவர் முழுதாக முறுக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியின் எடை அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச்சை (அளவான விசையில் முறுக்கும் ஸ்பேனர்) எடுத்தார். தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போது ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். அவசரத்தில் பல கடைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். முன்பெல்லாம் எப்போதும் கம்ஃபர்ட் மோடுதான். ஸ்போர்ட்டைத் தொட்டால் வீட்டில் திட்டு விழும். ஸ்பிரிங் மாற்றியதும் இது தலைகீழாகிவிட்டது. புது ஸ்பிரிங் விறைப்பு அதிகம், அமுங்கினால் வேகமாக எகிறும். கம்ஃபர்ட்டில் ஷாக் இளக்கமாக இருப்பதால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஈசிஆரில் மரக்காணம் தாண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது சாலை கொஞ்சம் அலைபாய்ந்தால் போதும், ஒரே அசைவில் அடங்க வேண்டிய வண்டி இன்னொரு தடவை எழும்பித்தான் அடங்கும். பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டல் வந்துவிடும். ஸ்போர்ட்டில் ஷாக் இறுகியதும் அந்த ஆட்டம் நின்றுவிடுகிறது. சின்னச் சின்ன வெட்டு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது ஸ்போர்ட் இண்டிவிஜுவலில் (ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளும் மோடு) ஷாக் மட்டும் ஸ்போர்ட், என்ஜினும் ஸ்டியரிங்கும் கம்ஃபர்ட். ஒயிட் டவுனுக்குள் ஊர்ந்து போகும்போது மட்டும் எல்லாமே கம்ஃபர்ட். ஆக, அடாப்டிவ் ஷாக் இருந்ததால்தான் இந்த ஸ்பிரிங்கோடு குடும்பம் நடத்த முடிகிறது.

வேகத்தடை பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இந்திய சாலை காங்கிரஸ் தரப்படி வட்டமான வேகத்தடைக்கு அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. அப்படி ஒன்று இருந்தால் இந்த வண்டி உரசாமல் ஏறி இறங்கும். அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் வரை உள்ளூர்க்காரர்கள் ராவோடு ராவாகப் போட்டுவைத்த மேடுகள் எந்தத் தரத்திலும் வராது. அங்கே குறுக்காக, ஒரு சக்கரமாக ஏற்றித்தான் போகிறேன். ஆளும் சுமையும் ஏறினால் கதையே வேறு. பண்ருட்டியிலிருந்து டிக்கி நிறையப் பலாப்பழம், பின்னால் மூன்று பேர் என்று வந்தபோது பின் ஸ்பிரிங் அமுங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் கட்டை) டம்மென்று இடித்தது. "என்ன மாப்ள, கார்ல வர்றோமா, கட்டை வண்டியில வர்றோமா?" என்று மாமனார் கேட்டார். அந்த நேரத்தில் மோடை மாற்றியும் பயனில்லை. இடம் தீர்ந்த பிறகு ஷாக் என்ன செய்யும்?

அலைன்மென்ட்டை மாட்டிய அன்றே ஒரு முறை, ஸ்பிரிங் செட்டில் ஆன பிறகு இன்னொரு முறை பார்த்தேன். இறங்கிய வண்டியில் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்வது) கூடும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) நகரும். டயரின் உள்விளிம்பைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் டோதான். உயரம் பார்க்கும் சென்சாரை ஸ்கேனர் போட்டு கேலிபரேட் செய்யச் சொல்லுங்கள். ஹெட்லைட் மேலே கீழே போவதும் இந்த சென்சாரை நம்பித்தான்.

மழைக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரில் நின்ற தண்ணீருக்கு 20 மி.மீ. எந்த மூலைக்கு? வண்டியை எடுக்கவே இல்லை. உப்புக்காற்றுதான் உண்மையான தொல்லை. ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று ரப்பரில் உட்காரும் இடத்தில் மணல் அரைத்துப் பெயின்ட் போய், துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம், வாரன்டி என்று வரும்போது கேள்வி எழலாம். செலவு செய்யுமுன் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஸ்பிரிங் நான்கையும் அவற்றின் ரப்பரோடு எடுத்து வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது அவைதான் திரும்ப ஏறும். முன்பக்க ஸ்ட்ரட் நட்டுகளை மட்டும் அப்போது புதிதாக வாங்க வேண்டும்.