பிக்கப்பின் மூக்கைத் தூக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திப் பின்பக்கத்தோடு சமமாக்கும் வேலைக்கு லெவலிங் என்று பெயர். நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் அதைச் செய்துகொண்டேன். காசு வாங்கினார்கள், சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்ததாக ஒரு தாளும் கொடுத்தார்கள். அந்தத் தாள் பொய்த்தாள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏமாற்றும் முறை தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்களே பிடித்துவிடலாம்.

பிக்கப் காலியாக நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்துதான் இருக்கும். லோடு ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளரே அப்படி விட்டிருக்கிறார். என் மாந்தோப்புப் பாதையில் மேடு ஏறும்போது முன் பம்பர் தரையில் உரசிக்கொண்டே இருந்தது. முன்பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்தால் போதும் என்று கேட்டேன். "வெறும் கட்டைதான் சார், ஸ்பிரிங்கைத் தொடவே மாட்டோம். அலைன்மென்ட் எங்கள் செலவு" என்றார் பட்டறைக்காரர். கட்டை என்று அவர் சொன்னது ஸ்பேசரை. ஷாக் அப்சார்பரும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்பின் தலைக்கும் வண்டியின் சட்டகமான சேசிஸுக்கும் நடுவே அதை வைத்து முடுக்குவார்கள். ஷாக்கின் அடிமுனை, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க்கரமான லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், மேலே 25 மி.மீ. கட்டை வைத்தால் சக்கரத்தருகே ஏறக்குறைய 50 மி.மீ. உயர்ந்துவிடுகிறது. கேட்டது ஓர் அங்குலம், கிடைத்தது இரண்டு. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இப்படித் தூக்கும்போது ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, சக்கரத்தின் கோணங்கள் எல்லாமே மாறிவிடும். முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்முனைகளும் நெருங்கியோ விலகியோ இருப்பது டோ. சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதும், வேகத்தில் வண்டி அலையாமல் நேராக ஓடுவதும் கேஸ்டரின் தயவில்தான். டோவைச் சரிசெய்வது எளிது. ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைத் திருகினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் லோயர் ஆர்ம் சேசிஸில் சேரும் முனையில் உள்ள மையம் விலகிய போல்ட்டுகளைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். துருப்பிடித்திருந்தால் அரை நாள் வேலை. இலவசமாகச் செய்து தருகிறவர் அரை நாளை எங்கிருந்து கொண்டுவருவார்?

ஆனால் தாளில் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தது. இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் தசம இலக்கம்கூட மாறாமல் ஒரே கேஸ்டர். என் வண்டி எண் இருக்கவேண்டிய இடம் காலி. கேஸ்டரை அளக்க வேண்டுமானால் முன்சக்கரங்களைச் சுழல் தட்டுகளின் மேல் நிறுத்தி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பியாக வேண்டும். திருப்பாமல் இயந்திரத்துக்கு அந்த எண் கிடைக்க வழியே இல்லை. வேலை முடியும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். ஸ்டீயரிங்கை யாரும் திருப்பவில்லை. வேறு ஏதோ வண்டிக்கு எடுத்த அச்சுப்பிரதியை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

முதலில் தெரிந்தது சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில். முன்னும் பின்னும் கனரக லாரிகள் போகிற அந்தச் சாலையில் வண்டி ஒரு தடத்தில் நிற்காமல் அலைந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திருப்பிய இடத்திலேயே நின்றது, தானாகத் திரும்பி வரவில்லை. அடுத்து, ஊருக்குள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் 'டக்' என்று ஓர் இரும்புச் சத்தம். பிறகு டயர். இரண்டு முன்டயர்களிலும் வெளிப்பக்க விளிம்பான தோள் மழமழவென்று தேய்ந்திருந்தது. நடுப்பகுதியில் குறுக்கே கையை வைத்துத் தடவினால் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த்திசையில் டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டத்தின் விளிம்பும் அரம்போல விரலைப் பிடித்தது. தோள் தேய்வது கேம்பர் கெட்டதற்கு அடையாளம், அந்த ரம்பப்பல் தேய்மானம் டோ கெட்டதற்கு. டோவை மட்டுமாவது வைத்தார்கள் என்று நினைத்தேனே, அதையும் ஒழுங்காக வைக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பப் போனபோது ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் தயாராக இருந்தது. சாலை சரியில்லை என்றார்கள். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓடும் மற்ற வண்டிகளுக்கெல்லாம் டயர் இப்படியா தேய்கிறது? அப்புறம், "நீங்கள் தக்காளி லோடு அதிகம் ஏற்றுகிறீர்கள் அண்ணா" என்றார்கள். லோடு ஏறுவது பின்னால், தேய்வது முன்னால். அதற்குப் பதில் சொல்லாமல் முன்டயர்களைக் கழற்றிப் பின்னால் மாட்டி, "இனி ஒன்றும் தெரியாது" என்றார்கள். உண்மைதான், நல்ல டயர் முன்னால் வந்ததும் கொஞ்ச காலம் ஒன்றும் தெரியாது. அதற்குள் அவையும் தேய்ந்து, நான்கும் கெட்டுவிடும். கடைசியில், ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட் போய்விட்டது என்று ஒரு ஜோடி மாற்றிக் காசு வாங்கினார்கள். ஏன் போனது என்று கேட்டதற்கு "தேய்மானம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

ஓசூரில் வேறொரு பட்டறையில் வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் டார்ச்சை அடித்துக் காட்டினார். மேல்க்கரமான அப்பர் ஆர்மின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ட் போய் வெள்ளை இரும்பு பளபளத்தது. நேர் கீழே காயில் ஸ்பிரிங்கின் மேல்வளையத்திலும் அதே பளபளப்பு. சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது இரண்டும் மோதுகின்றன. வேகத்தடையில் கேட்ட 'டக்' அதுதான். கட்டை வைத்த பிறகு சக்கரம் வடிவமைப்பில் இல்லாத அளவுக்குக் கீழே இறங்குகிறது, பால் ஜாயின்ட் தன் எல்லையைத் தாண்டி மடங்குகிறது. புதியதைப் போட்டாலும் அதே கதிதான்.

லோயர் ஆர்ம் சேசிஸில் சேரும் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்கள் இன்னும் மோசம். அவை உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியவை, சுழலாது, முறுகும். ஆகவே வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில்தான் அவற்றின் நடுவே செல்லும் போல்ட்டை இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முடுக்கிவிட்டால் வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே கிடக்கும். என் வண்டியில் இரண்டு பக்கமும் ரப்பர் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டி என்பதால் முன் ஆக்சிலின் சாய்வும் கூடி, அதன் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் ஒன்று விரிசல் விட்டு கிரீஸ் தெறித்திருந்தது.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். காலி வண்டியைச் சமமாக்கினால் லோடு ஏற்றும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். மாங்காய் சீசனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிக்கொண்டு இரவில் கூழ் ஆலைக்குப் போனால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் விளக்கை அடித்து அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். லோ பீமே அவர்கள் கண்ணில் விழுந்திருக்கிறது. ஹெட்லைட்டின் உயரத்தைத் திருகிக் குறைக்க முடியும். பட்டறையில் அந்தத் திருகைத் தொடக்கூட இல்லை.

கட்டைகளை எடுத்தாயிற்று. புஷ், பால் ஜாயின்ட், பூட் எல்லாம் புதிது. மூன்று கோணங்களும் அளந்து, என் வண்டி எண் போட்ட தாள் இப்போது கையில் இருக்கிறது. இடதும் வலதும் சற்றே வேறுபட்ட எண்கள். உண்மையாக அளந்தால் அப்படித்தான் வரும். வாரண்டியில் ஏதும் கிடைக்கவில்லை. ஸ்பேசர் வைத்த தடத்தைப் பார்த்ததுமே சர்வீஸ் மையத்தில் முன்பக்கப் பாகங்களுக்குக் கைவிரித்துவிட்டார்கள்.

"ஆர்.டி.ஓ. பிரச்சினை எதுவும் வராது" என்று அந்தப் பட்டறையில் அடித்துச் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பெரிய டயர், கூடுதல் உயரம் என்று ஆசை காட்டுகிறவர் இதைச் சொல்ல மாட்டார். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் வண்டியின் அடியில் குனிந்து பார்ப்பார் என்பதையும் சொல்ல மாட்டார்.

எங்கே அலைன்மென்ட் செய்தாலும் வேலைக்கு முன் எடுத்த அளவு, வேலைக்குப் பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள அச்சுத்தாளை, உங்கள் வண்டி எண்ணோடும் தேதியோடும் கேளுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பி அளக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "உங்கள் வண்டிக்கு கேம்பர், கேஸ்டர் எல்லாம் மாற்ற முடியாது" என்றால் லோயர் ஆர்ம் போல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் உயர்ந்தே ஆகவேண்டும் என்பவர்கள், புதிய கோணத்துக்கு ஏற்ற அப்பர் ஆர்ம் இல்லாமல் வெறும் கட்டையை மட்டும் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கிடைத்த ரசீது ஜி.எஸ்.டி. எண் இல்லாத வெள்ளைத் துண்டுச்சீட்டு. ஆனால் பணத்தைக் கைப்பேசி வழியாகச் செலுத்தியதால் அதற்குப் பதிவு இருக்கிறது. அதை வைத்துத்தான் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாற்றிய பாகங்களைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள், கேட்டால் தர மறுக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.