‘கையால் செய்தது’ லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள்

சிறு பட்டறையில் கிட்டாரோ மாண்டலினோ சொல்லிச் செய்யலாம் என்று நினைப்பவர்கள், மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். நான் ஒரே பட்டறையில் இரண்டு கருவி சொன்னேன்: எனக்கு ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், மகளுக்கு ஒரு மாண்டலின். கிட்டார் விஷயத்தில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. மாண்டலினில் நடந்தது அலட்சியம். புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியவில்லை. அதனால் பெயரைப் போடவில்லை.

அந்தப் பட்டறையின் வீடியோக்களைப் பார்த்துத்தான் போனேன். இழைப்புளியில் ஸ்ப்ரூஸ் மரப்பலகையைச் சீவுவது, மாண்டலினின் வளைந்த மேல்பலகையைச் செதுக்குவது, பலகையைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பது என்று எல்லாம் அவர்களே எடுத்தவை. போனில் பேசியபோதும் பட்டறைக்காரர் விவரமாகவே பேசினார். கிட்டாருக்கு மேல்பலகை அடுக்கு ஒட்டாத, ஒரே மரத்தாலான ஸ்ப்ரூஸ், கழுத்து மஹோகனி, பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம் என்று முடிவு செய்தோம். அப்புறம் ஒரு நாள் அவரே கூப்பிட்டு, “சார், என்கிட்ட பிரேசிலியன் ரோஸ்வுட் பழைய ஸ்டாக் கொஞ்சம் இருக்கு, கூடுதலா கொடுத்தீங்கன்னா அதையே போட்டுடறேன்” என்றார்.

பிரேசிலியன் ரோஸ்வுட் என்றதும் காகிதம் கேட்டேன். அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், அந்த மரம் 1992 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. தடைக்கு முன்னால் வெட்டியது என்றாலும், எல்லை தாண்டி வருவதானால் அதற்கென்று சான்றிதழ் வேண்டும். “கிட்டாரோட சேர்த்து அனுப்பறேன் சார்” என்றார். கடைசி வரை அந்தக் காகிதம் வரவில்லை. யாராவது இந்த மரத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

வேலை நடக்கும்போது படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் இரண்டு பாதியாக ஒட்டிய ஸ்ப்ரூஸ் பலகை. நடு இணைப்புக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி பழுப்புக் கோடு ஓடியது. ஒரே கட்டையை ஏடு பிரிப்பதுபோல் அறுத்து விரித்து ஒட்டினால் அப்படித்தான் வரும். அது எனக்குப் பிடித்திருந்தது, அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போனது. அது பெரிய விஷயமில்லை, கைவேலையில் தாமதம் சகஜம். மீதிப் பணம் வந்த பிறகுதான் கருவிகளை அனுப்புவேன் என்றார், அனுப்பினேன்.

வந்த கிட்டாரில் அந்தப் பழுப்புக் கோடு இல்லை.

கேட்டதற்கு, “பாலிஷ் போட்டதும் மறைஞ்சிடும் சார்” என்றார். மறையாது. வார்னிஷ், லாக்கர் எதைப் போட்டாலும் மரத்தின் ரேகை இன்னும் துலக்கமாகத்தான் தெரியும். கருவி பழுது பார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். தந்திகளைத் தளர்த்திவிட்டு முதலில் நடுத்துளையின் விளிம்பைத்தான் பார்த்தார். நீங்களும் உங்கள் கிட்டாரில் பார்க்கலாம். ஒரே மரப்பலகை என்றால் மேலே நேர்க்கோடாக ஓடும் ரேகை, துளையின் விளிம்பில் அப்படியே மடிந்து கீழே இறங்கும். என் கிட்டாரில் ரேகை மேலே வரும், விளிம்பில் நின்றுவிடும். அதற்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு அடுக்கு, அதற்குக் கீழே இன்னொன்று. பிளைவுட். விளிம்பைச் சுற்றிக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள், அதனால்தான் சட்டென்று கண்ணில் படவில்லை. நகத்தால் லேசாகச் சுரண்டியதும் அடுக்குகள் தெரிந்தன.

பின்பலகைக்கு வேறு சோதனை. வெளியே தெரியும் ரேகையில் ஒரு முடிச்சையோ வளைவையோ குறித்துக்கொண்டு, சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் துளைக்குள் விட்டு உள்பக்கம் அதே இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரே பலகை என்றால் அது இரண்டு பக்கமும் தெரியும். என்னுடையதில் வெளியே கரும்பழுப்பு அலை அலையாக ஓடியது, உள்ளே வெளிறிப்போன ஏதோ ஒரு மரம். பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு என்று நான் கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது, மேலே ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு.

அப்புறம் லேபிள். பட்டறையின் பெயர், கையெழுத்து, ‘முழுவதும் கையால் செய்தது’ என்ற வரி. ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. பழுது பார்ப்பவர் ஈரத் துணியால் நனைத்து மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு லேபிள். அதைச் சுரண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள், பாதிதான் போயிருந்தது. அச்சடித்த வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களும் ஒரு மாடல் எண்ணும் மிச்சம் இருந்தன. ஆலையில் மொத்தமாகச் செய்த கிட்டாரை வாங்கி, தலைப்பகுதியில் சின்னத்தை மாற்றி, உள்ளே தன் லேபிளை ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

பிளைவுட் கிட்டார் மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஈரப்பதம் ஏறி இறங்கும் இடங்களில் அது ஒரே மரப்பலகையைவிட நன்றாகத் தாங்கும். கற்றுக்கொள்கிறவர்களுக்கும் பயணத்துக்கும் நல்ல கருவி. ஆலையில் செய்தது என்பதும் குறையில்லை. ஆனால் அதை அதுவாகச் சொல்லி விற்க வேண்டும்.

மாண்டலின் கதை வேறு. அதை அவர்தான் செய்திருக்கிறார், சந்தேகமில்லை. கிப்ஸன் 1922-இல் கொண்டுவந்த எஃப்-5 மாதிரியில் இருப்பதுபோல எஃப் வடிவத் துளைகள், நடுவில் தடித்து ஓரத்துக்குப் போகப் போக மெலியும்படி செதுக்கிய மேல்பலகை. எஃப் துளையின் விளிம்பில் ரேகை ஒழுங்காக மடிந்து இறங்கியது. உள்ளே கண்ணாடி விட்டால் உளியின் தடம் தெரிந்தது. இவ்வளவு கைத்திறமை இருக்கிற ஆள் இந்த வேலை செய்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகள் வாசிக்க ஆரம்பித்ததும் சுருதி உதைத்தது. விரல் வைக்காத வெறும் தந்தி சரியாக இருக்கும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டும் (விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பி) சரியாக இருக்கும், நடுவில் ஐந்து, ஏழு எல்லாம் தப்பும். பட்டறையில் கேட்டால், “பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்துங்க, சரியாயிடும்” என்றார். மாண்டலினில் பிரிட்ஜ், அதாவது மேல்பலகை மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை, ஒட்டாமல் தந்தியின் அழுத்தத்தில் நிற்பது, நகர்த்தலாம் என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு சரியாக இருந்து ஐந்து தப்பினால் கோளாறு பிரிட்ஜில் இல்லை, ஃப்ரெட் அடித்த இடத்தில் இருக்கிறது.

இதற்கு ஒரு ஸ்கேலே போதும். நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் தாங்கி நிற்கும் சிறு கட்டை) பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் தந்தியின் கணக்கு நீளம் வரும். எங்கள் மாண்டலினில் 352 மில்லிமீட்டர். அந்த நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம், மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, இப்படியே போக வேண்டும். 352-க்கு ஐந்தாவது ஃப்ரெட் நட்டிலிருந்து 88.3 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த இடத்தில் ஒரு செமிடோனுக்கான, அதாவது ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்த ஃப்ரெட்டுக்கான, மொத்தத் தூரமே 15 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செமிடோனில் பத்தில் ஒரு பங்கு தப்பினால் காது கண்டுபிடித்துவிடும். குழந்தைகள் இதில்தான் பாவம், தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். என் மகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இது போதாதென்று, சில வாரங்களில் கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட்டின் முனைகள் கீறின. காயாத மரத்தில் விரல்பலகை செய்தால் அது பின்னால் சுருங்கும், கம்பி சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டும். “உங்க வீட்டு ஈரப்பதம் சார், அதுக்கு வாரண்டி கிடையாது” என்று பதில் வந்தது. பெட்டிக்குள் ஈரப்பதமானி வைத்திருக்கிறேன். இந்தக் கருவிகளுக்கு 45 முதல் 55 சதவீதம் நல்லது என்பார்கள், அதற்குள்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதன் படத்தையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

எல்லாச் சிறு பட்டறையையும் இப்படிச் சந்தேகப்படச் சொல்லவில்லை. எங்கோ ஒரு துளி கோந்து, உளி கொஞ்சம் வழுக்கிய தடம் எல்லாம் கைவேலையில் இருக்கும், அதைக் குறையாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள், கருவியின் உடலை ஒட்டி மூடும் முன் உள்பக்கத்தைக் காட்டச் சொன்னால் சந்தோஷமாகவே காட்டுவார்கள். பலகையின் உள்பக்கத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிப் படம் அனுப்பச் சொல்லுங்கள், கருவி வந்ததும் கண்ணாடி விட்டு அந்த எழுத்தைத் தேடுங்கள். எந்த மரம், ஒரே பலகையா அடுக்கா என்பது ரசீதிலேயே இருக்கட்டும். என் ரசீதில் இருந்தது, இப்போது புகாருக்குப் பலமாக இருப்பது அதுவும் அந்தப் பழுப்புக் கோட்டுப் படமும்தான். மீதிப் பணத்தை, கருவியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு தருவதாகவோ, திருப்பி அனுப்ப ஒரு கெடுவோடோ பேசி எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துவராதவரிடம் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

மாண்டலினுக்கு விரல்பலகையை மாற்றச் சொல்லியிருக்கிறேன், உடல் நன்றாக இருப்பதால் அந்தச் செலவு வீண் இல்லை என்று பழுது பார்ப்பவர் சொன்னார். கிட்டாரை உரித்த லேபிளோடு அப்படியே வைத்திருக்கிறேன், விசாரணையில் காட்ட வேண்டும். காகிதம் பிறகு வரும் என்ற பேச்சும், மீதி முழுவதும் முன்னாலேயே வேண்டும் என்ற நிபந்தனையும் உங்களுக்கும் வந்திருந்தால், பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு உள்பக்கப் படத்தைக் கேளுங்கள்.